எங்கள் கிணற்றுக்கு உப்பு வந்த வழி

2024 ஜனவரி முதல் வாரம். ராத்திரி கஞ்சி குடிக்கும்போது "இன்னைக்கு உப்பு கூடிப்போச்சும்மா" என்றேன். அம்மா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மக்களே, ஒரு வாரமா நான் கஞ்சியில உப்பே போடல்ல. தண்ணி கரிக்குது."

பருப்பு வேக நேரமாகிறது, சோப்பு நுரைக்கவில்லை என்று அவர் முன்பே இரண்டு மூன்று முறை சொல்லியிருந்தார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் நான். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒருநாள்கூடச் சோதித்துப் பார்த்ததில்லை. அன்று ராத்திரி தொடங்கிய வேலை இது. ஒன்றரை வருடமாக நோட்டில் எழுதிவைத்ததைக் கோர்த்துப் போடுகிறேன். கரையோரத்தில் கிணறு வைத்திருக்கிற யாருக்காவது பயன்படும்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் கடைசி ஊர் நீரோடி. அதைத் தாண்டினால் பொழியூர், கேரளம். அத்தை வீடு அங்கேதான், நடந்தே போய்விடலாம். அத்தையின் பிள்ளைகள் படித்தது மலையாளம், வீட்டில் பேசுவது தமிழ். கடலுக்கு இணையாக ஏ.வி.எம். கால்வாய் ஓடுகிறது. அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்பது முழுப்பெயர். பூவாறிலிருந்து கன்னியாகுமரி வரை படகு விடுவதற்காக 1860 வாக்கில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கியது. மண்டைக்காட்டுப் பக்கம் வந்து நின்றுபோனது. இப்போது பல இடங்களில் பாசியும் குப்பையும்தான். கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவில் இருப்பது மணல் திட்டு. கால்வாயைத் தாண்டினால் தென்னந்தோப்பு, விளைகள், அப்புறம் செம்மண் மேடு. எங்கள் வீடு கால்வாய்க்கு உள்பக்கம், கடலிலிருந்து 430 மீட்டர் தூரத்தில்.

ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கடல் ஏறி வருது." அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. எங்கள் கரையைக் கடல் அரிப்பது கண்ணால் பார்க்கிற விஷயம். அப்பா சின்ன வயதில் பந்து விளையாடிய இடம் இன்று கடலுக்குள் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு உறுத்தல். எங்கள் வீட்டைவிடக் கடலுக்குப் பக்கத்தில், கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற சித்தி வீட்டுக் கிணறு இன்னும் நல்ல தண்ணீர்தான். கடல் ஏறி வந்தால் அவர்களைத் தாண்டித்தானே எங்களிடம் வரவேண்டும்?

சரி, அளந்து பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கடலிலிருந்து மேடு வரை ஒரே கோட்டில் ஒன்பது கிணறுகளைத் தேர்ந்தெடுத்தேன். 1-ம் எண் கரையிலிருந்து 70 மீட்டர், தெருவுக்குப் பொதுவான உறைக்கிணறு. சித்தி வீடு 3. எங்கள் கிணறு 5. ஒன்பதாவது செம்மண் மேட்டின் அடிவாரத்தில், கடலிலிருந்து 1,200 மீட்டர். வீட்டில் 2022 மே மாதம் நாங்கள் போட்ட 85 அடி போர்வெல்லும் உண்டு. அதற்கு 5-ஆ என்று பெயர் வைத்தேன்.

உப்பைத் தெரிந்துகொள்ளச் சுலபமான வழி, தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்பது. உப்பு கூடக்கூடக் கடத்துதிறன் கூடும். அதன் அலகு ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை மைக்ரோசீமென்ஸ். நான் வெறும் எண்ணாகவே எழுதுகிறேன். எங்கள் பக்கம் நல்ல கிணறு 300 முதல் 700 வரை காட்டும். கடல் தண்ணீர் சுமார் 50,000. கடையில் கிடைக்கும் பேனா மாதிரி மீட்டரும் போதும்தான். ஆனால் எனக்குக் கயிற்றில் கட்டி ஆழத்துக்கு இறக்குகிற கருவி வேண்டியிருந்தது. அதனால் நானே செய்தேன்.

பழைய பேனாக் கூட்டின் அடியில் இரண்டு துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூக்களை ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பொருத்தி, பின்பக்கம் அரால்டைட் பசை ஊற்றி அடைத்தேன். ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஆர்டுயினோ நேனோவிலிருந்து (நிரல் எழுதி இயக்குகிற சின்ன மின்னணுப் பலகை) ஐந்து வோல்ட் கொடுத்தேன். ரீடிங் வந்தது, ஆனால் நிற்கவில்லை. பார்க்கப் பார்க்க இறங்கிக்கொண்டே போனது. டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் ஒரு ஸ்க்ரூவைச் சுற்றிக் கடுகைவிடச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருந்தன. மறுநாள் காலையில் இன்னொரு ஸ்க்ரூ பழுப்பாகிவிட்டது. ஒரே திசையில் மின்சாரம் பாய்ந்தால் தண்ணீர் மின்னாற்பகுப்பு ஆகிறது, ஸ்க்ரூவின் மேல் வாயுப்படலம் பிடிக்கிறது, அந்தப் படலம் ரீடிங்கைக் கெடுக்கிறது. பிளஸ் டூ பாடத்தில் வருஷா வருஷம் நான் நடத்துவதுதான். திசையை மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும். இரண்டு ஸ்க்ரூக்களையும் அந்தப் பலகையின் இரண்டு டிஜிட்டல் பின்களில் இணைத்து, சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பிளஸ் மைனஸை மாற்றி, ரீடிங் எடுத்ததும் இரண்டையும் அணைத்துவிடும்படி நிரலை எழுதினேன். அதன் பிறகு ரீடிங் நின்றது.

அடுத்தது அளவுகோல். பொட்டாசியம் குளோரைடு லிட்டருக்கு 0.7455 கிராம் கரைத்தால் 25 டிகிரியில் 1,413 காட்டவேண்டும், உலகம் முழுக்க இதுதான் வழக்கம். என்னிடம் இருந்த தராசு 0.01 கிராம் வரைதான் நம்பகமாக நிறுக்கும். அதனால் 7.46 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தேன். அது 12,880 காட்டவேண்டிய கரைசல். அதிலிருந்து 100 மில்லியை எடுத்து வாலை வடிநீரில் ஒரு லிட்டராக்கினால் 1,413. சின்ன எடையைத் தப்பாக நிறுப்பதைவிடப் பெரிய எடையைச் சரியாக நிறுத்து நீர்க்கவைப்பது மேல். வெப்பநிலையையும் விடக்கூடாது. ஒரு டிகிரிக்கு ரீடிங் சுமார் 2 சதவீதம் கூடும். எங்கள் கிணறுகள் 28, 29 டிகிரி. திருத்தாமல் விட்டால் எட்டு சதவீதம் வரை தப்பு. பேனாக் கூட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வெப்பநிலை சென்சாரையும் கட்டினேன்.

ஜனவரி கடைசியில் முதல் சுற்று. 1-ம் கிணறு 1,100. இரண்டாவது 820. சித்தி வீடு 640. நான்காவது 2,100. எங்கள் கிணறு 1,900. போர்வெல், மோட்டார் போட்டதும் 2,900; இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு 4,700. ஆறிலிருந்து ஒன்பது வரை 300-க்கும் 550-க்கும் நடுவில்.

இந்த எண்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் வரிசையாக ஏறி வந்திருந்தால் எண்கள் படிக்கட்டு மாதிரி இறங்கவேண்டும். இங்கே நடுவில் இரண்டு மேடுகள் நிற்கின்றன: 4, 5.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனம், ஆயிரத்துக்கு இருபத்தைந்து பங்கு கூடுதல். அதனால் கரையோர மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். 1880-களின் கடைசியில் நெதர்லாந்தில் பாடோன் கைபனும், 1901-ல் ஜெர்மனியில் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்துச் சொன்ன கணக்கு இது. மறுபக்கம் பார்த்தால் பயமாக இருக்கும். கிணற்று மட்டம் ஒரு அடி இறங்கினால் அடியில் உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் போர்வெல் வைத்து இறைத்து இறைத்து, 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு 1980-களில் 9 கிலோமீட்டர் வரை உள்ளே போனது. வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்கு அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றியதில்லை.

பொருத்திப் பார்க்கக் கிணற்றுத் தண்ணீர் கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று தெரியவேண்டும். கைபேசியில் உயரம் காட்டும் செயலி எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது, மீட்டர் கணக்கில் தவறும். எங்களுக்குத் தேவை சென்டிமீட்டர்.

இதற்கு வழி சொன்னவர் எங்கள் வீட்டைக் கட்டிய கொத்தனார் அண்ணன். "சாரே, டியூப் மட்டம் இருக்கே. அதை வச்சு ஊரையே அளக்கலாம்." உள்ளே இருப்பது தெரிகிற இருபது மீட்டர் பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு குச்சிகளோடு பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குச்சியில் அந்த மட்டம் எத்தனை சென்டிமீட்டர் என்று படித்து எழுதி, பின்னால் நிற்பவர் முன்னால் போய், மறுபடி படித்து... இப்படித்தான் பிப்ரவரியில் மூன்று விடியற்காலைகள் கடலிலிருந்து மேடு வரை போனோம். அண்ணன் ஒரு முனை, நான் ஒரு முனை, நோட்டு என் மகள் கையில்.

விடியற்காலையில் செய்ததற்குக் காரணம் உண்டு. முதல் நாள் பத்து மணி வெயிலில் தொடங்கினோம். டியூபின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி தென்னை நிழலிலும் கிடந்தது. சூடான பக்கத்துத் தண்ணீர் லேசாகிவிடும், மட்டம் பிசகும். அதோடு டியூபுக்குள் அரிசி அளவு காற்றுக்குமிழி மாட்டினாலும் எல்லாம் போச்சு. அண்ணன் நிரப்பும் முறையே தனி. குடத்தை மதில்மேல் வைத்து, ஒரு முனையைக் குடத்துக்குள் அமுக்கி, மறுமுனையை வாயால் உறிஞ்சி இழுத்து, தண்ணீர் வந்த பிறகும் ஒரு குடம் அளவுக்குக் கீழே ஓடவிட்டுத்தான் கட்டை விரலால் அடைப்பார். பிறகு டியூபை நீளமாகத் தரையில் போட்டு ஒரு முனையிலிருந்து விரலால் தட்டிக்கொண்டே வருவார். குமிழி இருந்தால் அந்த இடத்தில் தட்டும் சத்தம் மாறும் என்றார். எனக்கு அந்த வித்தியாசம் மூன்றாம் நாள்தான் கேட்டது.

போன வழியே திரும்பி அளந்து வந்தபோது தொடங்கிய இடத்தில் 3 சென்டிமீட்டர் வித்தியாசம். இவ்வளவு தூரத்துக்கு இது நல்ல வேலை. கடல் மட்டம்தான் தலைவலி. எங்கள் கடல் சும்மா நிற்காது. அலை குறைந்த ஒரு நாளில், காலையிலிருந்து சாயங்காலம் வரை, மணிக்கு இருபது அலைகள் தடுப்புச் சுவர்க் கல்லில் எங்கே ஏறி எங்கே இறங்குகின்றன என்று குறித்துச் சராசரி எடுத்தோம். இதில் பத்து சென்டிமீட்டர் பிசகியிருக்கலாம். பத்து சென்டிமீட்டர்தானே என்று விடமுடியாது, நாற்பதால் பெருக்கினால் நான்கு மீட்டர். இந்தப் பதிவில் வரும் ஆழக் கணக்கு எல்லாவற்றையும் அந்த அளவு தளர்வோடுதான் படிக்கவேண்டும்.

எங்கள் வீட்டுத் தரை கடல் மட்டத்துக்கு 3.1 மீட்டர் மேலே. பிப்ரவரியில் கிணற்றுத் தண்ணீர் 62 சென்டிமீட்டர் மேலே. நாற்பதால் பெருக்கினால் 24.8 மீட்டர். போர்வெல்லின் 85 அடியை மீட்டராக்கி, தரையின் உயரத்தைக் கழித்தால், அதன் அடி கடல் மட்டத்துக்கு 22.8 மீட்டர் கீழே. உப்புத் தண்ணீரின் தலைக்கு இரண்டே மீட்டர் மேலே போர்வெல்லின் காலை வைத்து, ஒன்றரை குதிரைசக்தி மோட்டாரால் இரண்டு வருடமாக உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறோம். அது பிப்ரவரிக் கணக்கு. ஏப்ரலில் மட்டம் 38 சென்டிமீட்டருக்கு இறங்கியது. 15.2 மீட்டர். கணக்குப்படி போர்வெல்லின் அடி உப்புக்குள்ளேயே.

நடுவில் 4-ம் கிணறு. அதைக் கடல் கணக்கில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. குளோரைடு பார்த்தேன். 50 மில்லி தண்ணீரில் ஒரு மில்லி பொட்டாசியம் குரோமேட், மேலே ப்யூரெட்டில் (சொட்டுச் சொட்டாக இறக்குகிற அளவுக்குழாய்) 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட். இந்த அளவில் ஒரு மில்லி இறங்கினால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரைடு என்று கணக்குப் போடாமலே படித்துவிடலாம். ஒவ்வொரு சொட்டும் விழும்போது வெள்ளைப் புகைபோல ஒன்று சுழன்று மறையும். மஞ்சள் கரைசலில் செங்கல் நிறம் மின்னி, கலக்கியும் போகாமல் நின்றால் நிறுத்தவேண்டும். போர்வெல் தண்ணீருக்கு லிட்டருக்கு 1,300 மில்லிகிராம், 4-ம் கிணற்றுக்கு 390. பைகார்பனேட்டையும் அமிலம் விட்டுப் பார்த்தேன். போர்வெல்லுக்கு 180, நான்காவதுக்கு 410. இரண்டையும் மில்லிசமான எடைக்கு (எடையை விட்டு மின்னூட்டத்தை வைத்து ஒப்பிடும் அளவு) மாற்றி வகுத்தால் போர்வெல்லில் பைகார்பனேட்டைப்போலப் பன்னிரண்டு மடங்குக் குளோரைடு, நான்காவதில் ஒன்றரை மடங்கு சொச்சம். கடல் தண்ணீரில் இந்த விகிதம் இருநூறைத் தாண்டும். போர்வெல் கடலின் பிள்ளை. நான்காவது வேறு ஏதோ.

கழிவு கலந்திருந்தால் நிறம் மாறிக் காட்டும் நைட்ரேட் பட்டையை நனைத்தபோது அந்த வேறு எதுவென்று தெரிந்தது. 100-ஐத் தாண்டிய நிறம். குடிதண்ணீருக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. கிணற்றிலிருந்து பன்னிரண்டு அடியில் கக்கூஸ் குழி. அந்த வீட்டு அக்காவிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் யோசித்தேன். கைக்குழந்தை இருக்கிற வீடு, சொல்லாமலும் இருக்கமுடியாது. "கடல்தான்னு நெனச்சு வடிகட்டுற மெஷின் வாங்க இருந்தோம் தம்பி" என்றார். இப்போது சித்தி வீட்டுக் கிணற்றிலிருந்து எடுக்கிறார்கள், குழியை மாற்ற இடம் பார்த்திருக்கிறார்கள். கரையோரம் உப்பென்றாலே கடல் என்று முடிவு கட்டக்கூடாது என்பதற்கு இந்த ஒரு கிணறே போதும்.

1,300 குளோரைடு என்றால் எவ்வளவு? கடலில் லிட்டருக்குச் சுமார் 19,000. எங்கள் ஊர் நல்ல கிணறுகளில் இயல்பாக இருக்கும் அறுபதைக் கழித்துக் கணக்கிட்டால், நூறு குடத்தில் ஆறரை குடம் கடல் தண்ணீர். இந்தியத் தர நிர்ணயத்தில் குளோரைடுக்கு விரும்பத்தக்க எல்லை 250, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1,000 வரை. நூற்றுக்கு ஒரே ஒரு குடம் கடல் கலந்தாலே அந்த 250 வந்துவிடும். இதை அம்மாவிடம் குடக் கணக்கில் சொன்னபோது அவர் நிறைய நேரம் பேசவில்லை.

2024 மார்ச் 31. கள்ளக்கடல். காற்றில்லை, மழையில்லை. எங்கோ தூரத்துப் பெருங்கடலில் கிளம்பிய அலை சொல்லாமல் கொள்ளாமல் வந்து கரையேறும், அதனால்தான் அந்தப் பெயர். அன்று கேரளக் கரையிலும் எங்கள் பக்கத்திலும் பல தெருக்களுக்குள் கடல் புகுந்தது. 1-ம் கிணற்றின் உறைக்கு மேல் தண்ணீர் போனது. மறுநாள் நான் கருவியை இறக்கியபோது 14,000.

அப்போது செய்த தவறை எழுதியே ஆகவேண்டும். தெரு இளைஞர்கள் மோட்டார் கொண்டுவந்து கிணற்றை வற்ற இறைத்தார்கள். நானும் கூட நின்றேன், இறைத்தால் உப்பு போய்விடும் என்றே நம்பினேன். ஊறிய தண்ணீர் 11,000. மறுபடி இறைத்தோம், 11,500. மூன்றாம் முறை 12,800. கிணற்றுக்குள் மட்டும் கடல் புகவில்லை, சுற்றி இருக்கிற மணல் முழுக்கக் குடித்திருக்கிறது. இறைக்க இறைக்க அந்த மணலில் இருப்பதையும், அடியில் இருப்பதையும் கிணற்றுக்கு நாமே அழைக்கிறோம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையில் ஆயிரக்கணக்கான கிணறுகளில் இதே அனுபவம். ஓயாமல் இறைத்ததால் பல கிணறுகள் சரியாவது தள்ளிப்போனது. கிணற்றுக்குள் விழுந்த சேற்றையும் குப்பையையும் ஒருமுறை எடுத்துவிட்டு, அதன் பிறகு மழைக்கு விட்டுவிடவேண்டும். நிறுத்தினோம். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்த பிறகு ஜூலையில் 4,200, துலாம் மழைக்குப் (வடகிழக்குப் பருவமழை) பிறகு டிசம்பரில் 1,600.

மீண்டும் எங்கள் வீட்டுக்கு. ஏப்ரலில் போர்வெல் மோட்டாரை வெளியே தூக்கிப் பத்து நாள் சும்மா விட்டுக் கருவியை அடி அடியாக இறக்கினேன். குழாயில் ஓட்டை போட்ட பகுதி 65 அடியிலிருந்து 85 அடி வரைதான். அதற்கு மேல் குழாய்க்குள் நிற்பது தேங்கின தண்ணீர், வெளியே மண்ணில் இருப்பதை அது காட்டாது. அதனால் 65-க்குக் கீழே வந்ததை மட்டும் எழுதிக்கொண்டேன். 65 அடியில் 3,100. 70-ல் 5,200. 75-ல் 11,000. 80-ல் 18,500. 85-ல் 23,000. ஏறக்குறைய பாதிக் கடல். கணக்கு 60 அடியிலேயே கோடு போட்ட மாதிரி உப்புத் தொடங்கும் என்றது. உண்மையில் கோடு எதுவும் இல்லை, இருபது அடிக்குமேல் நீளும் கலப்புப் பகுதி. தண்ணீர் கடல் நோக்கி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு உப்பைச் சற்று மேலேயே காட்டிவிடும்.

போர்வெல் கதை புரிந்தது. ஆனால் அம்மா கஞ்சி வைப்பது திறந்த கிணற்றுத் தண்ணீரில். அது 14 அடிதான் ஆழம். உப்பு அடியிலிருந்து ஏறியிருந்தால் கிணற்றின் அடித்தண்ணீர் கூடுதலாகக் கரிக்கவேண்டும். கருவியை இறக்கினால் மேலும் கீழும் ஒரே எண். இதுதான் என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்தது.

விடை வாழைத்தோட்டத்தில் கிடந்தது. கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் இடையே இருபது அடி. அந்த இடத்தில்தான் வாழையும் நான்கு தென்னையும். போர்வெல் போட்டதிலிருந்து அதற்குப் பாய்ச்சுவது போர்வெல் தண்ணீர். தென்னை தாங்கிக்கொண்டது. வாழை இலையின் ஓரம் காப்பித்தூள் நிறத்தில் கருகியிருந்தது, வெயில் என்று நினைத்தோம். ஒருநாள் வாழைத் தூரில் குனிந்து பார்த்தேன். பாத்தியின் வரப்பில், தண்ணீர் ஏறி வற்றுகிற மட்டத்தில், வெள்ளையாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு.

அந்த மண்ணில் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு வாலை வடிநீர் கலந்து, குலுக்கி, தெளியவிட்டு அளந்தேன். 2,300. பாய்ச்சாத வேலியோரத்து மண் 140. ஆக, எங்கள் திறந்த கிணற்றுக்குக் கடல் நேராக வரவில்லை. எண்பது அடிக்குக் கீழே தன் பாட்டுக்குக் கிடந்த உப்பை மோட்டார் வைத்து மேலே ஏற்றி, நாங்களே வாழைக்கு ஊற்றி, அது மணல் வழியாக எட்டடியில் இருக்கிற நல்ல தண்ணீருக்கு இறங்கியிருக்கிறது. சரிபார்க்க மே முழுவதும் பாய்ச்சலை நிறுத்தினேன். கோடைக்காலம், மட்டம் இறங்குகிற மாதம், உப்பு கூடவேண்டிய மாதம். 1,900-லேயே நின்றது, கூடவில்லை.

பிறகு செய்த வேலைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்வெல்லை விட்டுவிட்டோம். சும்மா மூடி வைத்தால் போதாது, அந்தக் குழாயே உப்பு ஏறிவர ஏணியாகிவிடும். அடியிலிருந்து 60 அடி வரை பென்டோனைட் களிமண் உருண்டைகளைப் போட்டு ஊறவிட்டு, மேலே சிமென்ட் குழம்பு ஊற்றினோம். 2022-ல் போட்ட பணம் அத்தனையும் மண்ணுக்குள். அம்மாவுக்கு வருத்தம்தான்.

திறந்த கிணற்றில் அரை குதிரைசக்தி மோட்டார். புட்வால்வை (தண்ணீரை உறிஞ்சும் குழாயின் நுனி) அடியில் போடாமல், தண்ணீருக்கு மேல்மட்டத்திலிருந்து இரண்டு அடியில் தொங்கும்படி மிதவையில் கட்டினேன். டைமர் வைத்து ஒரு நாளைக்கு மூன்று முறை, இருபது இருபது நிமிடம். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஓட்டினால் மட்டம் 40 சென்டிமீட்டர் இறங்குகிறது. பிரித்து ஓட்டினால் 12-ஐத் தாண்டுவதில்லை. எடுக்கும் தண்ணீர் அதே அளவு. நாற்பதுப் பெருக்கலை நினைவில் வைத்தால் இந்த 28 சென்டிமீட்டருக்கு உள்ள மதிப்பு தெரியும்.

மழைத்தண்ணீர் மூன்றாவது. எங்கள் மொட்டை மாடி 93 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 930 லிட்டர் வரவேண்டும், வழியில் கொஞ்சம் போகும். ஜல்லியும் மணலும் நிரப்பிய ஒரு டிரம் வழியாக வாழைத்தோட்டத்தின் நடுவில் வெட்டிய ஐந்தடிக் குழிக்குத் திருப்பினேன். நேராகக் கிணற்றில் விடாததற்குக் காரணம், அந்த மண்ணில் ஊறியிருக்கும் உப்பையும் மழையே கழுவிக் கொண்டுபோகட்டும் என்றுதான். அதனால் ஜூன் ஜூலையில் கிணற்று எண் குறைவதற்குப் பதிலாக 2,200-க்கு ஏறியது. அம்மா பயந்தார். கழுவப்படுகிற உப்பு கிணற்றைத் தாண்டித்தானே போகவேண்டும், பொறுங்கள் என்றேன். எனக்கும் உள்ளூர நடுக்கம்தான். ஆகஸ்டில் 1,240. டிசம்பரில் 780. 2025 ஏப்ரல் கோடையில் 1,050. முன்பிருந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. ஆனால் கஞ்சிக்கு இப்போது உப்புப் போட்டுத்தான் ஆகவேண்டும்.

இப்போதைக்கு என் கவலை 7-ம் கிணறு. 2024 முழுக்க 420-ஐத் தாண்டாதது. 2025 மார்ச்சில் 510, மே மாதம் 690. நைட்ரேட் இல்லை, கக்கூஸ் குழியும் பக்கத்தில் இல்லை. அதிலிருந்து நாற்பது மீட்டரில் புதிதாக ஒரு போர்வெல் ஓடுகிறது, 110 அடி என்று கேள்வி. அந்த வீட்டுக்காரர் எனக்கு மாமா முறை. டியூபையும் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். மோட்டாரை முந்தின நாள் ராத்திரியே நிறுத்திவைக்கச் சம்மதித்திருக்கிறார். கொத்தனார் அண்ணனும் வருகிறார்.